சாஜிதா சொல்லாத சேதி

கபடிச் சங்கத்தின் சுற்றறிக்கை சாஜிதா பேகத்தின் போனுக்கு வந்து பத்தொன்பது நாளாகியிருந்தது. பிறப்பிலேயே பெண் என்று பதிவானவர்கள் மட்டும்தான் இனி பெண்கள் கபடியில் இறங்கலாம், திருநங்கைகளுக்கு இடமில்லை என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். கோயமுத்தூர் உக்கடத்தில் தையல் கடை வைத்துக்கொண்டு, ஒரு பெண்கள் அணியையும் எட்டு வருஷமாக இழுத்துக்கொண்டு ஓடுகிற மேனேஜர் சாஜிதா. இளவேனில் அந்த அணிக்காக ரெய்டு போகிறவள், திருநங்கை. அவளிடம் சேதியைச் சொல்ல வேண்டியது சாஜிதாதான். இரண்டு நிமிஷ வேலை. பத்தொன்பது நாளில் அந்த இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை.

நம் பக்கத்தில் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. பெண் பார்க்கப் போய்ப் பிடிக்கவில்லை என்றால்கூட, பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்று கும்பிட்டு வருகிற ஊர் இது. சுற்றறிக்கை வந்த அன்றைக்கே, கோபிசெட்டிபாளையத்தில் போட்டி நடத்துகிற மாசாணத்துக்கு சாஜிதா போன் போட்டாள். "ஏனுங்க, எங்க புள்ளைய எறங்க உடுவீங்களா?"

"கூட்டிட்டு வாங்க அம்மணி, பாத்துக்கலாம்" என்றார் அவர்.

பண்டிகைக்கு முதல் நாள் ஜாக்கெட் துணியோடு வந்து நிற்பவர்களிடம் இதே வார்த்தையை அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாள். அதோடு விட்டாளா, மறுநாள் இளவேனிலைக் கடைக்குக் கூப்பிட்டுப் புது ஜெர்ஸிக்கு அளவும் எடுத்தாள்.

விதி நியாயமா என்று கேட்டால் சாஜிதாவுக்குச் சத்தியமாகத் தெரியாது. அதே அணியில் இருக்கிற பிரத்யுஷாவின் அம்மா ஒருநாள் கடைக்கே வந்து, "என்ற புள்ள அஞ்சு வருஷமா ஆடுதுங்க. இளவேனில் வந்ததுக்கப்பறம் வெளிய உக்காந்திருக்குது. அந்த ஒடம்போட வலு வேறதானுங்களே? நாளைக்கு ஒரு பிடியில எதிர்ல நிக்கற புள்ளைக்குத் தோள் எறங்கிப்போச்சுன்னா யாருங்க பொறுப்பு?" என்று கேட்டபோது அது நியாயமாகத்தான் பட்டது. வருஷக்கணக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வலு குறைந்துபோன இளவேனில், பயிற்சியில் மூன்று சின்னப் பெண்களின் பிடியில் மாட்டிக்கொண்டு, கோட்டைத் தொட முடியாமல் மண்ணில் கிடந்து சிரித்ததைப் பார்த்தபோது இவள் ஆடுவதும் நியாயமாகத்தான் பட்டது. இவளை வேறு எங்கே போய் ஆடச் சொல்கிறார்கள், ஆண்கள் அணியிலா என்று ஆத்திரம் வந்தது. இரண்டு பக்கமும் தலையாட்டியே நாளைக் கடத்தினாள்.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் மட்டும் பிரத்யுஷாவிடம், "எதுக்கும் தயாரா இரு கண்ணு" என்றாள். பிரத்யுஷா ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொண்டாள், புரிந்ததை மற்றவர்களுக்கும் சொன்னாள். ஆக, காலையில் வேனில் ஏறிய பன்னிரண்டு ஆட்டக்காரிகளில் பதினொரு பேருக்கு விஷயம் தெரியும்.

அன்னூரில் டீ குடிக்க வண்டி நின்றது. இங்கேயே சொல்லிவிடுவது என்று சாஜிதா மனதைக் கல்லாக்கிக்கொண்டு இறங்கினாள். இளவேனில் டீ கிளாஸோடு அவளைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு எங்கம்மா வருதுங்க. கோபி பக்கந்தான் ஊரு. ஊட்ட விட்டு வந்து ஆறு வருஷமாச்சு, நான் போட்ட ஒரு போனையும் எடுத்ததில்ல. நேத்து அதுவா கூப்பிட்டு, ஆட்டம் எத்தன மணிக்குன்னு கேட்டுது."

சாஜிதா அவள் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள். "டீ ஆறுது, குடி கண்ணு" என்றாள்.

மைதானத்தில் முதலில் எடை பார்த்தார்கள். இளவேனில் அறுபத்தி நாலு கிலோ. எடை சரி என்று எழுதிக்கொண்டவர் ஆதார் கார்டை வாங்கி, பாலினம் என்ற இடத்தைப் பார்த்துவிட்டு மாசாணத்தைக் கூப்பிட்டார். மாசாணம் இளவேனிலின் முகத்தைப் பார்க்கவில்லை. சாஜிதாவிடம், "சங்கத்துல இருந்துதான் உங்களுக்கு லெட்டர் வந்திருக்குமேங்க" என்றார்.

"பாத்துக்கலாம்னீங்களே?"

"நேர்ல வந்தீங்கன்னா பக்குவமாச் சொல்லிக்கலாம்னு நெனச்சேனுங்க. எங்க கையில என்னங்க இருக்குது? இவங்கள எறக்குனா எதிர் டீம் புகார் எழுதிக் குடுத்துருவாங்க, உங்க மொத்த டீமும் வெளிய போயிரும். தப்பா எடுத்துக்காதீங்க. டிபன் ரெடியா இருக்குது, எல்லாரும் சாப்பிட்டுப் போட்டு வாங்க."

இளவேனில் சாஜிதாவைத் திரும்பிப் பார்த்தாள். "எப்பக்கா வந்துச்சு லெட்டரு?"

"பத்தொம்பது நாளாச்சு."

"எனக்கு அளவெடுத்தீங்களே, அன்னைக்கே தெரியுமா?"

சாஜிதா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். இளவேனில் மற்ற பெண்களைப் பார்த்தாள். எல்லோரும் குனிந்து, ஏற்கனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவங்க சட்டத்தோட நான் சண்ட போட்டுக்குவேன், அது எனக்குப் புதுசில்ல" என்றாள். குரல் உயரவில்லை. "நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா, எங்கம்மாவ வர வேண்டாம்னு சொல்லியிருப்பேனுங்க்கா."

டீ ஷர்ட்டின் மேல் போட்டிருந்த ஜெர்ஸியைக் கழற்றி, மடித்து, சாஜிதாவின் கையில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகத் தென்னந்தோப்புப் பக்கம் நடந்தாள். சாஜிதா அவள் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஆடப்போகிற ஏழு பேர் பட்டியலில் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் அணி இறங்கலாம் என்று பேனாவை நீட்டினார்கள். பதினொரு பெண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளவேனில் பேரை அடித்து, பிரத்யுஷா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விசில் ஊதி ஆட்டம் தொடங்கியதும், பெண்கள் உட்காரும் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, வேலியோரமாகவே நடந்து, சாஜிதாவின் பெஞ்சுக்கு வந்தாள். புதுச்சேலை, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ஏனுங்க, கோயமுத்தூர் டீமுக்கு நீங்கதானுங்களே பெரியவங்க? நான் மாரியாத்தாளுங்க. இளவேனிலோட அம்மா."

சாஜிதா எழுந்து நின்றாள். "உக்காருங்க" என்று இடம் காட்டினாள்.

"இல்லீங்க, நிக்கறேன். ஆறு வருஷமாச்சுங்க பாத்து. முடி வளத்தி, இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. பெத்தவளுக்கே அடையாளம் தெரியலீங்க." அவள் களத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள். "இந்த ஏழுல என்ற பொண்ணு எதுங்க?"

சாஜிதாவின் பார்வை அவளையறியாமல் களத்துக்குப் போனது. பிரத்யுஷா அப்போதுதான் கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கியிருந்தாள். மாரியாத்தாள் சாஜிதாவின் கண் போன திக்கைப் பார்த்தாள்.

"அதுங்களா?" என்றாள். "எத்தன ஒசரம் பாருங்க!"

சாஜிதா வாயைத் திறந்தாள். பிரத்யுஷா ஒருத்தியைத் தொட்டுவிட்டுப் பிடியிலிருந்து நழுவிக் கோட்டுக்குத் திரும்பினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. மாரியாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.