முடி அறையின் சாவி

அங்கே இருந்தவர்கள்: பட்டறை முதலாளி இர்மேலா. அவள் அண்ணன் ஹார்ட்விக், கையில் சவரக் கத்தியோடு. கைப்பிடி கடையும் எகோன், வாயில் பாதி ரொட்டியோடு. நாற்காலியில் நான், பென்னோ, கழுத்தில் துண்டோடு.

நான் இரவு வேலைக்காரன், அன்று காலை வேலை முடித்த கையோடு உட்கார்ந்திருந்தேன். ஷேவிங் பிரஷ்ஷின் முடிக்கொத்தைக் கைப்பிடிக் குழியில் பசை வைத்து ஒட்டுவேன். படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அது போதும். ஆனால் முடி அறைக்குள்ளும் போயாக வேண்டும். பேட்ஜர் என்னும் காட்டு விலங்கின் முடி அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அவிழ்த்து உதறினால் தூசி. போன குளிர்காலத்திலிருந்து இருமினால் எனக்கு ரத்தம் வருகிறது.

அந்த அறை ஹார்ட்விக்கின் ராஜ்ஜியம். எதிர்த்துப் பேசினான் என்று எகோனின் கட்டைவிரலை வைஸ் இடுக்கியில் வைத்துத் திருகியவன் அவன். அந்த விரலில் பிறகு நகம் முளைக்கவில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். புது பிரஷ் கடைக்குப் போவதற்கு முன்னால் ஹார்ட்விக் அதை வைத்து ஒரு தொழிலாளிக்குச் சவரம் செய்வான். நாற்காலியில் இருப்பவன் நல்லது என்றால் நல்லது. மறுபேச்சு கிடையாது. அன்றைய பிரஷ் செயற்கை இழை. ஹாம்பர்க் கடைக்காரர்கள் மிருக முடி வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் நல்லது என்று சொன்னால் இர்மேலா முடி அறையை மூடிவிடுவாள். ஹார்ட்விக்குக்குப் பட்டறையில் இடம் இருக்காது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஹார்ட்விக் வெந்நீர்க் கிண்ணத்தில் பிரஷ்ஷை முக்கி வைத்துவிட்டு நின்றான்.

"ஊற வைக்க வேண்டாம், ஹார்ட்விக். இது முடியில்ல," என்றாள் இர்மேலா.

"தெரியும்டி. குப்பைன்னு தெரியும்."

என் முகத்தில் பிரஷ்ஷைக் குத்தித் தேய்த்தான். நுரை காதுவரை ஏறியது. வெதுவெதுப்பாக, கெட்டியாக. பேட்ஜர் பிரஷ்ஷில் அடிக்கும் ஈர நாய் நாற்றம் இல்லை. அவன் முகம் கறுத்தது. தலைமுடியைப் பிடித்து என் தலையைப் பின்னால் இழுத்தான். கத்தியின் குளிர் தாடைக்குக் கீழே வந்து நின்றது.

"சொல்லு பென்னோ. எப்படி இருக்கு?"

எகோன் மெல்லுவதை நிறுத்தினான்.

"நல்லா இருக்கு."

"யோசிச்சுச் சொல்லுடா. தொண்டை உன்னுது."

"அதான் சொல்லிட்டேனே. நல்லா இருக்கு."

கத்தி நகர்ந்தது. முதலில் சூடு மட்டும்தான் தெரிந்தது. தாடை எலும்பிலிருந்து காது மடல்வரை கிழித்திருந்தான். ரத்தம் நுரையில் இறங்கித் துண்டுக்குள் போனது.

"இப்ப?"

இர்மேலா ஓரடி வைத்தாள். "ஹார்ட்விக், கத்தியை வை!"

"நீ வாயை மூடு. அவன் சொல்லட்டும்."

எனக்குப் பயம்தான். ஆனால் இவன் ஒரு நிமிடத்தில் செய்வதை அந்த அறை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்தது.

"இப்பவும் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "உன் கைதான் சரியில்ல."

எகோன் சிரித்துவிட்டான். அந்தக் காலை நேரத்தில் அவன் செய்யக்கூடாத ஒரே காரியம் அது. ஹார்ட்விக் கிண்ணத்தை எட்டி உதைத்தான். வெந்நீர் எகோனின் காலில் கொட்டியது. அவன் அலறிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினான்.

"ஏமாத்துறீங்க! இவ இதுல பேட்ஜர் முடியைக் கலந்திருக்கா. பிளாஸ்டிக் இவ்வளவு நுரை கொடுக்காது. எனக்கா தெரியாது?" என்றான் ஹார்ட்விக்.

புது பிரஷ்ஷுகள் இருந்த பெட்டியிலிருந்து காய்ந்த பிரஷ் ஒன்றை எடுத்தான். கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லைட்டரைத் தட்டினான். முடி வாங்கும்போதெல்லாம் அவன் செய்யும் சோதனைதான். கொளுத்துவான், விழும் சாம்பலை விரல்களில் ஏந்தி நசுக்கி முகர்ந்து பார்ப்பான். நிஜ முடி பொடியாகும், தீய்ந்த கொம்பு மாதிரி நாறும். இருபது வருடமாகச் செய்த கை. இப்போதும் விரல்களைக் கூட்டித் தீக்கு அடியில் நீட்டியது.

இழை உருகி ஒழுகியது. எரிந்தபடியே சொட்டுச் சொட்டாக விரல்களில் விழுந்து ஒட்டிக்கொண்டது. உதறினான், போகவில்லை. மற்றக் கையால் வழித்தான், தோலோடு வந்தது. மாடு மாதிரி கத்தினான். கக்கத்திலிருந்து கத்தி விழுந்தது. நான் அதைப் பெஞ்சுக்கு அடியில் உதைத்துத் தள்ளினேன்.

"தண்ணி! தண்ணி குடுங்கடா!"

"நீதான் கொட்டிட்டியே," என்றான் எகோன், பெஞ்சின் மேலிருந்து.

இர்மேலா ஈரத் துணியோடு அண்ணனிடம் போனாள். அதுதான் அவள் செய்த தப்பு. அவன் அவள் பின்னந்தலையைப் பிடித்து முகத்தைப் பெஞ்சின் விளிம்பில் மோதினான். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி மோதத் தூக்கினான். எகோன் கையில் கடையாத கைப்பிடிக் கட்டை ஒன்று இருந்தது. நகமில்லாத அந்த விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து ஹார்ட்விக்கின் முழங்கையில் இறக்கினான். நான் நாற்காலியைத் தூக்கி முதுகில் போட்டேன். இரண்டாவது தடவையும் போட்டேன். முதல் அடியிலேயே அவன் அவளை விட்டுவிட்டிருந்தான்.

பட்டறைக் குழாய் பனியில் உறைந்து கிடந்தது. முடி அலசும் வாளியில்தான் தண்ணீர், அது முடி அறையில். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரில் இடித்து இடித்து அவன் அங்கே ஓடினான். கை வாளிக்குள் இறங்கும் சத்தமும், பிறகு ஒரு நீண்ட முனகலும் கேட்டன.

இர்மேலா எழுந்தாள். மூக்கிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து சட்டைக்கு ரத்தம். என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு, பென்னோ."

"நல்லா இருக்கு," என்றேன்.

"எகோன், போலீசுக்குப் போன் பண்ணுங்க. ஆம்புலன்சும்," என்றாள் அவள்.

உள்ளே ஹார்ட்விக் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவது போல. அவள் முடி அறைக் கதவை இழுத்துச் சாத்தி, சாவியைப் போட்டு இரண்டு சுற்றுத் திருப்பினாள்.