கம்பியை விடுங்க, மச்சான்

மகளின் கல்யாணத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. கான்ட்ராக்டரோ தன் வீட்டு மூன்றாம் மாடியில் கோட்டும் டையுமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஷூ மாட்டக் குனிந்தபோது பிடித்துக்கொண்ட முழங்கால் அசைய மறுத்துவிட்டது.

அந்த மாடி தேவையே இல்லாதது. எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் மாடி எழுப்பிவிட்டார் என்பதற்காகக் கட்டியது. உச்சியில் படுப்பதே குடும்பத் தலைவனுக்கு அழகு என்று கட்டிலையும் அங்கேயே ஏற்றிவிட்டார். ஏறுவதைப் பற்றித்தான் யோசித்தார். இறங்குவதைப் பற்றி யோசிக்கவில்லை.

"அப்பா, மாமாவைக் கூப்பிட்டிருக்கேன்," என்றாள் மகள், மணக்கோலத்தில் கதவருகே நின்று.

மாமா என்றால் கான்ட்ராக்டரின் தங்கை புருஷன். வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் பியானோவையும் சுமந்து இறக்குவது அவர் தொழில். சுமைக்காரனைத் தங்கை கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த வாசலில் அவருக்கு இடமில்லை. கல்யாணப் பத்திரிகைகூடத் தபாலில்தான் போயிற்று.

"அந்த ஆளா? என் பொணம்தான் இறங்கும்!"

"அதை இறக்கவும் அவரைத்தான் கூப்பிடணும்ப்பா. படி அவ்வளவு குறுகல்."

வந்தவர் கான்ட்ராக்டரை மேலும் கீழும் அளந்து பார்த்தார். "பீரோன்னா கதவைக் கழட்டிடுவேன். உங்ககிட்ட எதைக் கழட்டுறது, மச்சான்?"

"கூலி எவ்வளவுன்னு முதல்ல சொல்லுப்பா."

"உங்க தங்கச்சி காதுல விழுந்தா எனக்குச் சோறு கிடைக்காது. பேசாம முதுகுல சாயுங்க. ஒண்ணே ஒண்ணு, சுமை சுமையா இருக்கணும். உதவி பண்ணக் கூடாது."

கான்ட்ராக்டருக்குத் தாங்காதது அதுதான். சில படிகள் இறங்கியதும், தன் பங்குக்கும் ஏதாவது இருக்கட்டும் என்று கைப்பிடிக் கம்பியை எட்டிப் பிடித்தார். சுமந்தவர் கீழே போக, சுமை மேலேயே நிற்க, இருவரும் தள்ளாடிச் சுவரில் மோதினார்கள்.

"கம்பியை விடுங்க, மச்சான்!"

"விட்டா விழுந்துடுவேன்!"

"விடாட்டிதான் விழுவோம். பியானோகூட இப்படி அடம் பிடிச்சதில்லை!"

தெருவில் காரின் ஹாரன் அலறியது. தேவனுடைய கிருபையைப் பற்றி ஞாயிறுதோறும் ஆலயத் தூண் அதிரப் பாடுகிறவர் கான்ட்ராக்டர். அது வழியற்றவர்களுக்கு உரியது என்பது அவர் எண்ணம். இப்போது வழியில்லாமல், வழியையும் அடைத்துக்கொண்டு நிற்பவர் தாமே என்று தெரிந்தது. கண்ணை மூடி விரல்களைப் பிரித்தார். முழுப் பாரமும் அந்த முதுகில் இறங்கியது. முதுகு வியர்த்திருந்தது, அசையவில்லை.

தேவாலயத்தின் முன்னால் உயரமான படிகள். உறவுக்கூட்டம் முழுவதும் அங்கே நின்றது. "பின்பக்கமா சாய்வுப் பாதை இருக்கு, யார் கண்ணுலயும் படாம போயிடலாம்," என்றார் கோயில் பணியாளர். காரில் கூட வந்த சுமைக்காரர் அதற்குள் ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க நழுவுறீங்க, மச்சான்?" என்று எல்லோரும் கேட்கக் கூப்பிட்டார் கான்ட்ராக்டர். "வந்து குனிங்க."

"உதவி பண்ண மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்."

முதுகிலிருந்து தொங்கிய அப்பாவின் கையை மகள் பற்றிக்கொண்டாள். பெண்ணைத் தகப்பன் கைப்பிடித்து அழைத்துப் போகும் முறைப்படியே, நடந்தவர் இருவரும் சுமக்கப்பட்டவர் ஒருவருமாக, அவர்கள் ஆலயத்தின் நடுவே போனார்கள்.