மோட்டார் சைக்கிள் படம்

விநியோகஸ்தர் அந்தப் படத்தை வாங்கியதே போஸ்டரில் இருந்த மோட்டார் சைக்கிளுக்காகத்தான். முழுதாகப் பார்க்கவில்லை; துரத்தல் படம் என்று நினைத்துக்கொண்டார். வண்டி படத்தில் இரண்டே முறை வருகிறது, இரண்டு முறையும் ஸ்டார்ட் ஆகவில்லை. மற்ற நேரமெல்லாம் ஒரு தபால்காரரும் ஒரு ரொட்டிக்கடைக்காரரும் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். வேற்று மொழியில் நாலு நண்பர்கள் சேர்ந்து எடுத்த சின்னப் படம். ஆணும் ஆணும் காதலிக்கும் படம் எதுவும் அதுவரை எங்கள் டப்பிங் ஸ்டூடியோ வாசலை மிதித்ததில்லை.

விஷயம் தெரிந்ததும் மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. பெரிய மூளைக்காரர் அல்லவா, ஒரு மணி நேரம் யோசித்து வழி கண்டுபிடித்தார்: இருவரையும் அண்ணன் தம்பி ஆக்கிவிடலாம். வசனகர்த்தா வாயை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்.

டப்பிங்கில் தபால்காரருக்கு நான், ரொட்டிக்கடைக்காரருக்குத் தேன்தொண்டை. அவன் நிஜப்பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. கதாநாயகக் குரல், எதையும் ஒரே டேக்கில் முடிப்பான், அந்தத் திமிரும் உண்டு. நான் அடியாட்களுக்கும் டயர் விளம்பரத்துக்கும் கத்துகிறவன். மூன்று வருடமாக அவனைக் காதலிக்கிறேன், சொன்னதில்லை. சொல்லப்போய் அவன் வேறு ஸ்டூடியோவுக்கு ஓடிவிட்டால் நான் எதற்காகக் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடுவது? அதனால் அண்ணன் தம்பி ஏற்பாடு எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

ஐம்பத்திரண்டாவது நிமிடம் வரை எல்லாம் சுமுகம். “தம்பி, சாப்ட்டியா?” “சாப்ட்டேண்ணே.” ஐம்பத்திரண்டில் அண்ணன் தம்பியின் உதட்டில் முத்தம் கொடுத்தார். முழுசாக அரை நிமிடம். விநியோகஸ்தர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வெட்டு என்றார். வெட்டினால் அடுத்த அரை மணி நேரம் இருவரும் எதற்கு அழுகிறார்கள் என்றே புரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த சவுண்ட் அக்கா நிதானமாகச் சொன்னாள்: “அண்ணன் தம்பி ஆக்கினது நீங்கதான் சார். இப்பதான் பாக்கவே கூசுது. காதலர்னு விட்டிருந்தா அது பாட்டுக்கு ஒரு முத்தம்.”

குடும்பத்தோடு பார்க்க முடியாதே என்று அவர் முனகினார். இப்போது மட்டும் முடியுமா என்று அக்கா கேட்டாள். கொஞ்ச நேரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, காதலர்களாகவே, உள்ளது உள்ளபடியே போகட்டும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அப்படித்தான் மூலப் படத்தில் இருந்த அந்த வரி என் தலையில் விழுந்தது. “எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு. ரொம்ப நாளா.” அதற்கு ரொட்டிக்கடைக்காரர் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: “தெரியும்.”

பதினோரு டேக் போனது. டயர் விற்கிற மாதிரியே இருக்கிறது என்று அக்கா ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொண்டாள். இருவருக்கும் ஒரே மைக், அவன் தோள் என் தோளில் இடித்தது. அவனோ பதினோரு முறையும் அட்சரம் பிசகாமல் “தெரியும்” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு சுலபமா அது?

பன்னிரண்டாவதில் நான் திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னேன்.

ரொட்டிக்கடைக்காரரின் வாய் திரையில் திறந்து மூடியது. தேன்தொண்டையிடமிருந்து சத்தமே வரவில்லை. காது சிவக்கக் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என்னுடையது உதட்டசைவோடு கொஞ்சம் சேரவில்லை, ஆனாலும் ஓகே என்றாள் அக்கா. அவனுடையதைப் பழைய டேக்கிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்வதாகச் சொன்னாள்.

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

“வேணாங்க்கா. அதெல்லாம் நடிப்பு,” என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். “இவன் இன்னொரு வாட்டி சொல்லட்டும்.”