பதினாலாவது படிக்குப் பிறகு

செவ்வாய்க்கிழமை ஒரு நாளில் மட்டும் கணினி ஐந்து தரம் நின்றது. ஐந்தையும் லோஜினி நேரத்தோடு கொப்பியில் எழுதினாள். ஒன்பது பத்துக்கு நீலத் திரை. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு எந்தத் திரையும் வராமல் அணைந்து, தானாகவே திரும்ப எழும்பியது. பதினொன்றரைக்கு நடந்ததை எழுதும்போது, "சரியாகப் பார்க்கவில்லை, தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன்" என்று எழுதினாள். பிறகு அது சாட்டுச் சொல்வதுபோல் தெரிந்ததால் பின்பாதியை வெட்டினாள்.

சல்லிக் கடற்கரையில் மீன் வாடிகளுக்குப் பின்னால் இருக்கும் மீன்பிடிச் சங்கத்தின் கந்தோர் அது. காலையில் அவள் அங்கே படகுப் பதிவுகளைத் தட்டச்சு செய்வாள். பின்னேரம் பஸ் ஏறி டவுனுக்குப் போய், உட்துறைமுக வீதியில் நடக்கும் கணினி திருத்தும் வகுப்பில் இருப்பாள். அந்த வகுப்பில் சான்றிதழ் எடுப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வெளியில் ஓரிடத்தில் உண்மையான வேலை ஒன்றைச் செய்து, செய்த ஒவ்வொரு படியையும் கொப்பியில் எழுதி, அந்த இடத்துப் பொறுப்பாளரிடம் "திருப்தி" என்று கையெழுத்து வாங்கிக் கொடுக்கவேண்டும். கடைசி நாள் வருகிற சனிக்கிழமை. தவறவிட்டால் அடுத்த வருட வகுப்போடுதான்.

கணினி மெதுவாக இருக்கிறது, இன்னொரு றாம் தகடு போட்டால் வேகமாகும் என்று சங்கச் செயலாளர் தவராசாவிடம் தானாகப் போய்ச் சொன்னவளும் அவள்தான். நினைவகத்தைக் கூட்டுகிற அந்தச் சின்னத் தகட்டை மத்திய வீதியில் றுவைஸின் கடையில் வாங்கி வந்து, போன திங்கட்கிழமை பூட்டினாள். திருப்புளிக்கு அப்பாவின் படகு எஞ்சின் சாமான் பை உதவியது. கணினியும் வேகமாகத்தான் ஆனது. ஆனால் நாலு வருடமாக ஒருநாளும் நிற்காத கணினி அன்றிலிருந்து நிற்கத் தொடங்கியது.

"முந்தி நொண்டி நொண்டியெண்டாலும் நடந்தது பிள்ளை," என்றார் தவராசா. "இப்ப ஓடி ஓடி விழுது."

அவர் முப்பது வருடம் கடலில் நின்றவர். முழங்கால் நோவுக்குப் பிறகு கதிரையில் உட்கார்ந்தவர். கோபப்படுகிறவரில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், அதற்குப் பிறகும் இப்படியென்றால் டவுனில் யாரிடமாவது கொடுத்துவிடுவோம் என்றார். கையெழுத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. போகிறபோக்கில், ஒரு மாதமாக வேலை செய்யாமல் மூலையில் கிடந்த பிரிண்டரை அவள் காட்டியதற்கு மட்டும், அது வேறு கோளாறு, அதை விடு என்று சொல்லிவிட்டார்.

அவள் படித்த ஒழுங்கிலேயே போனாள். முதலில் கரண்ட். வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தாள், நின்றது. அடுத்தது சூடு. மூடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தாள், அப்போதும் நின்றது. நினைவகச் சோதனை ஓடவிட்டாள். காலையில் குளிர்ந்திருக்கும்போது பிழையொன்றும் காட்டவில்லை; மத்தியானம் நாற்பதுக்கு மேல் காட்டியது. தகடுதான் பழுதென்று முடிவுகட்டி, அதைத் துடைத்து, வந்த உறையிலேயே போட்டு றுவைஸிடம் கொண்டுபோனாள். அவர் தன்னுடைய மெஷினில் இரண்டு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லையே தங்கச்சி என்றார். என்றாலும் முகம் கோணாமல் வேறொன்று மாற்றித் தந்தார். அதைப் பூட்டி அரை மணித்தியாலத்தில் நீலத் திரை.

புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் விட்டுப் பார்த்தாள். பழையது தனியாக இருந்தும் கணினி நின்றது. நாலு வருடம் ஓடிய தகடு, அது சொருகியிருந்த அதே மின்சுற்றுப் பலகை. இடையில் மாறியது ஒன்றேயொன்று: அவளுடைய கை அதற்குள் போனது.

உடம்பில் சேரும் மின்சாரம் பட்டாலே பலகை போய்விடும், முதலில் இரும்பைத் தொடவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கொப்பியில் ஆறாவது படி, "இரும்புச் சட்டத்தைத் தொட்டேன்" என்றிருந்தது. அவள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டதால் எழுதினேனா, எழுதவேண்டும் என்பதற்காக எழுதினேனா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

புதன்கிழமை இரண்டு தகடுகளையும் கடதாசியில் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பக்கத்துக் கதிரை பஸ்னாவுடையது. கிண்ணியாவிலிருந்து வருகிறவள், தன் வேலையை முதல் வாரமே முடித்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டவள். லோஜினியின் கொப்பியை வாங்கி முப்பத்தொரு படியையும் விரல் வைத்து வாசித்தாள்.

"வேர்வை துடைச்சதும் இருக்கு," என்றாள். "மூச்சு விட்டது மட்டுந்தான் இல்ல."

பிறகு தகட்டைக் கேட்டாள். கடதாசியைப் பிரித்து எடுத்தவளின் விரலிலிருந்து அது வழுக்கி மேசையில் விழுந்தது. விரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"என்ன புள்ள இது? மீன் பொரிச்ச கையோடயா புடிச்ச?"

"கிறீஸ்," என்றாள் லோஜினி.

"எங்கால வந்த கிறீஸ்?"

"நான்தான் பூசினனான்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுடைய காதில் விழுந்தது. பஸ்னா கொப்பியைத் திரும்ப எடுத்தாள். பதினாலாவது படி: "பழைய தகட்டைக் கழற்றித் துணியால் துடைத்தேன்." பதினைந்தாவது படி: "இரண்டு தகடுகளையும் பூட்டினேன்." நடுவில் ஒன்றுமில்லை.

லோஜினியின் வீட்டில் பிளக்கோ பற்றரி வயரின் முனையோ ஒரு விரல் கிறீஸ் இல்லாமல் திரும்பப் பூட்டப்பட்டதில்லை. உப்புக்காற்று எதையும் ஒரு மாதம் விட்டுவைக்காது. எஞ்சினைக் கழுவும்போது சின்ன வயதிலிருந்தே அவள்தான் கிறீஸ் டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அங்கே பூட்டுவது என்றால் பூசிப் பூட்டுவதுதான். அதற்குத் தனிப்பேர் கிடையாது. சாப்பிட்டேன் என்று எழுதுகிறவள் வாயைத் திறந்தேன் என்று எழுதுவதில்லை. அன்று அப்பாவின் பையில் திருப்புளிக்குப் பக்கத்திலேயே டின்னும் இருந்தது. பழைய தகட்டின் முனைகள் மங்கியிருந்ததைப் பார்த்ததும் கை தானாகப் போயிருக்கிறது. பழையதற்கும் பூசி, புதியதற்கும் பூசி, றுவைஸ் மாற்றித் தந்ததற்கும் பூசியிருக்கிறாள். திருப்பிக் கொடுத்ததை மட்டும், கடைக்காரரிடம் அழுக்காகக் கொடுக்கக்கூடாதென்று, நன்றாகத் துடைத்துக் கொடுத்திருக்கிறாள்.

பஸ்னா சிரித்து முடிக்கக் கொஞ்சநேரம் எடுத்தது. பிறகு அலுமாரியிலிருந்து துப்புரவாக்கும் ஸ்பிரிட்டை ரீச்சரிடம் கேட்டு ஒரு சின்னப் போத்தலில் வாங்கித் தந்தாள். கிறீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, பல வருடம் திறந்தே கிடந்த டின்னுக்குள் விழுந்த இரும்புத் தூள் மினுங்கியது. சூடாகி இளகும்போது அந்தத் தூள் முனைக்கு முனை பாலம் போட்டிருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

"தொடுமுனைகள் சுத்தம் செய்யப்பட்டன எண்டு மட்டும் எழுது," என்றாள் பஸ்னா. "அதும் உண்மதானே."

லோஜினி யோசித்துப் பார்க்கிறேன் என்றாள்.

வியாழக்கிழமை காலை புதுப் பல்லுத் தூரிகை ஒன்றோடு கந்தோருக்குப் போய், தகடுகளையும் அவற்றைச் சொருகும் காடிகளையும் ஸ்பிரிட் விட்டு நாலு தரம் துடைத்தாள். தூரிகை கறுத்தது, ஐந்தாவது தரம் கறுக்கவில்லை. காயவிட்டு, ஒன்றும் பூசாமல் பூட்டினாள். பூசாமல் பூட்டியது ஏதோ அரைகுறை வேலைபோல் கையை உறுத்தியது. ஒன்பது மணிக்குச் சோதனையை ஓடவிட்டாள். அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் "நிற்கவில்லை" என்று எழுதினாள். மூன்றரை வரை அதே சொல் பதின்மூன்று தரம் வந்தது. பதின்மூன்றும் போதுமா என்று அவளுக்குச் சந்தேகம் இருந்தது.

வகுப்புக்குப் போகிற வழியில் மத்திய வீதியில் இறங்கி றுவைஸிடம் விசயத்தைச் சொன்னாள். அவர் வேறொருவரின் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார், தலை நிமிரவில்லை. என் சாமான் சரியில்லையென்று வகுப்பில் யாரிடமாவது சொன்னீர்களா என்று மட்டும் கேட்டார். மூன்று பேரிடம் சொன்னேன் என்றாள்.

"அந்த மூணு பேருக்கும் இதையும் சொல்லிடுங்க தங்கச்சி."

அன்றைக்கே மூன்று பேரிடமும் சொன்னாள். பிறகு கொப்பியை எடுத்து, பதினாலுக்கும் பதினைந்துக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய இடத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள்: "14அ. தகடுகளின் தொடுமுனைகளில் எஞ்சின் கிறீஸ் பூசினேன். கணினி நின்றதற்குக் காரணம் இதுதான். இதை அன்று எழுதவில்லை." வாசித்துப் பார்த்தாள். இதை வாசிக்கிற ஒருவர் எதைப் பார்த்துத் திருப்தி என்று எழுதுவார் என்று தோன்றியது. ஆனால் இது இல்லாவிட்டால் அந்தக் கொப்பியில் இருபத்தேழு தரம் கணினி நின்றிருக்கிறது, ஏன் என்று ஓரிடத்திலும் இல்லை. வெட்டாமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிவரை கணினி நிற்கவில்லை. தவராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். 14அ-வில் அவருடைய விரல் நின்றது. திரும்ப ஒருதரம் வாசித்தார்.

"இது கூடாதோ?" என்று கேட்டார்.

"கூடாது மாமா. உள்ளுக்குப் பூசக்கூடாதாம்."

"பூசாட்டில் உப்புப் பிடிக்கும்."

"ஓம். பிடிச்சால் துடைக்கிறதுதானாம்."

அவர் பேனையை எடுத்தார், எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மூலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல மனுசன் கூச்சப்படுகிறார் என்று லோஜினி நினைத்தாள். பரவாயில்லை மாமா என்று சொல்ல வாய் எடுத்தாள்.

"பிள்ளை," என்றார் அவர், குரலைத் தணித்து. "அந்தப் பிரிண்டருக்குப் போற வயர். அதின்ர முனையை ஒருக்காக் கழற்றிப் பார்."

அவள் போய்க் கழற்றினாள். முனை முழுக்க மஞ்சளாக, தடிப்பாக, நல்ல புதுக் கிறீஸ். அவளுடையதை விடத் தாராளமாக.

"போன மாசம் துரு மாதிரிக் கிடந்தது. அதுதான்," என்றார் தவராசா. குனிந்து "திருப்தி" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திகதியும் போட்டுக் கொப்பியை நீட்டினார்.

அவள் ஸ்பிரிட் போத்தலையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு பிரிண்டரடியில் குந்தினாள். கொப்பியில் புதுப் பக்கத்தைப் புரட்டி ஒன்று என்று இலக்கமிட்டதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பிள்ளை, இதை எழுதாதை."