டிகிரி ஏறாத மருந்து

சுனாமி வந்துபோன மறு வருஷம், மரக்காணத்து உப்பளக்காரர் கண்ணாயிரத்தின் தலையில் எலுமிச்சை மரங்களைக் காக்கும் வேலை விழுந்தது. மரங்கள் பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் இருந்தன. மனைவி சாமுண்டீஸ்வரிக்குத் தாய்வீடு கொடுத்தவை. மகளின் பிரசவத்துக்காகப் பாண்டிச்சேரி கிளம்பும்போதே அவள் சொல்லிவிட்டாள்: "வியாபாரத்துல யாரை வேணா கவுத்துக்குங்க. என் மரத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் பொண்ணு வீட்டுலயே தங்கிடுவேன்."

அவள் போன கையோடு இலையிலும் காயிலும் சொறி கிளம்பியது. பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம். மருந்துக்கடை ராஜாங்கம் அவர் ஒடித்துக் கொண்டுபோன கிளையைப் பார்த்ததுமே சொன்னார்: "பாக்டீரியாண்ணே. இந்தச் செம்புப் பவுடரு, கூட இந்தச் சின்னப் பாக்கெட்டு. கவர்ல போட்ருக்கிற அளவுதான். வெயில் தாழ அடிங்க."

கண்ணாயிரம் தலையாட்டிவிட்டு வந்தார். அடுத்தவன் சொன்ன அளவை அப்படியே ஒப்புக்கொள்வது அவர் பரம்பரையிலேயே கிடையாது. உப்பளத்து மீட்டர் வண்டியிலேயே கிடந்தது. பாத்தியில் தண்ணீர் முற்ற முற்ற அந்தக் கண்ணாடிக் குழாய் மேலே எழும்பும். உப்பு பூக்கும் பதத்தை அதிலுள்ள டிகிரிக் கோடுதான் சொல்லும். மருந்து வாளியில் விட்டுப் பார்த்தார். கழுத்துவரை முங்கிவிட்டது.

"டிகிரியே ஏறலையேப்பா! கடல் தண்ணிகூட இதைவிட முறுக்கா இருக்கும்," என்றார், மருந்தடிக்க வந்த பச்சமுத்துவிடம்.

"அது உப்புக்குத்தானங்க?"

"தண்ணியில போட்டா எல்லாம் ஒரே கணக்குதான்யா."

மீட்டர் மனசு வைத்து எழும்பும்வரை பாக்கெட் பாக்கெட்டாகக் கொட்டினார். உச்சி வெயிலிலேயே அடிக்கச் சொன்னார். எதுவும் விளைய வெயில் வேண்டாமா?

வாரம் முடிவதற்குள் இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தன. சொறி இலையும் உதிர்ந்தது, சுத்தமான இலையும் உதிர்ந்தது. தீர்வது நோயா, மரமா? அவருக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் கடைக்கு ஓடினார்.

"எவ்ளோ போட்டீங்க?"

"டிகிரி ஏறுற வரைக்கும்."

ராஜாங்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மரத்துல உப்பு எடுக்கப் போறீங்களாண்ணே?"

"கிண்டல் பண்ணாதப்பா. இது நோவு பண்ணதா, மருந்து பண்ணதா?"

"ரெண்டும் பண்ணிருக்கும்."

"எது எவ்ளோ?"

"அதுக்கு மீட்டர் இல்லண்ணே."

வெள்ளிக்கிழமை சாமுண்டீஸ்வரி பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தோப்புக்கே வந்தாள். மொட்டைக் கிளைகளைப் பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பேரன் பொறந்த சந்தோஷத்துல மரத்துக்கு மொட்டை போட்டுட்டீங்களா?"

நோய் என்று சொன்னால் பாதிப் பொய், மருந்து என்று சொன்னால் பாதிப் பொய். எந்தப் பாதியை முதலில் சொல்வது என்று கணக்குப் போட்டபடி அவர் உதிர்ந்த இலைகளைக் காலால் ஒதுக்கினார்.

அவள் ஒரு கிளையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை. "உசிரு இருக்குது," என்றாள்.

கண்ணாயிரம் குனிந்து பார்த்தார். பச்சைதான். ஆனால் அதற்கு விரல்கடை தள்ளி, பட்டையில் பழுப்பாய் ஒரு சொறி.

"அப்ப சந்தோஷப்படலாமா?"

"அதை மழை முடிஞ்சு கேளுங்க, மழையிலதான் சொறி பரவும். இப்பப் போயி அருவாளை எடுத்தாங்க. சொறி இருக்கிற கிளையெல்லாம் வெட்டிக் கொளுத்தணும்."

"எதெதுன்னு..."

"நான் காட்டுறேன். நீங்க எதையும் அளக்க வேணாம்."