பெயரைச் சொல்லி எடு

எங்கள் மலை முழுக்க மானுகா புதர்தான். பக்கத்துப் பண்ணைக் கொலினோ தன் மலையில் அதை ஒரு செடி விடாமல் எரித்துச் செம்மறி மேய்த்தவர். "என்ன ஹெனி, களை நல்லா வெளையுதா?" என்று என் அக்காவை இருபது வருஷமாகச் சீண்டியவர்.

போன மாதப் புயலில் அவர் மலை சரிந்து ரோட்டில் படுத்துக்கொண்டது. மானுகா வேர் பிடித்திருந்த எங்கள் மலையில் ஒரு பிடி மண் நகரவில்லை.

நேற்று டிரக்கில் வந்து இறங்கினார். தொப்பி கையில் இருந்தது.

"காயோட கொஞ்சம் கெளை வேணும் ஹெனி. வெறும் மண்ணுல பரப்பிவிட்டா வெதை விழுந்து தானா மொளைக்குமாமே."

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

வெட்டுவதற்கு முன் அக்கா செடியைத் தொட்டு, அதனிடம் அனுமதி கேட்கும் எங்கள் முன்னோர் வேண்டுதலைச் சொன்னாள். அவரும் தலைகுனிந்து நின்றார். டிரக் நிறைந்தது.

"கொலின், எங்க மலையில களை கெடையாது. ஏத்தினது என்னன்னு சொல்லிட்டுக் கெளம்பு."

"மானுகா" என்று முனகினார்.

"காதுல விழல."

"மானுகா!"

அவர் போட்ட சத்தத்தை, எதிரே மொட்டையாகக் கிடந்த அவருடைய மலையே திருப்பிச் சொன்னது.