இடுப்பளவு

எங்க தெருவுக்குள்ள தண்ணியே வந்ததில்லை. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. போன மழைக்கு எங்க வீட்டுக் கட்டில் மிதந்துச்சு. மறுநாள் வாசல்ல நின்னு, "எங்களுக்கு ஒண்ணுமில்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் பாவம்"னு சொன்னவ நான். பக்கத்து வீட்டு டெய்லரம்மா அதையே என்னைக் காட்டிச் சொல்லிட்டு இருந்தா. தண்ணி வந்த வீடுன்னு பேராயிட்டா அப்புறம் யார் வாங்குவா?

எனக்கு வாங்கத்தான் ஆள் வேணும். என் பேத்திக்கு ஆறு வயசாகுது, என்னை அதிகமா போன்லதான் பார்த்திருக்கா. வீட்டை வித்துட்டு பொண்ணு ஊரோட போயிடணும்னு நானும் என் வீட்டுக்காரரும் மூணு வருஷமா தவம் கிடக்கறோம். ஒருவழியா செவ்வாய்க்கிழமை ஒரு நர்ஸ் வந்து பார்த்தா. அவளுக்கு வீடு பிடிச்சுப்போச்சு. "மழைத்தண்ணி உள்ள வருமாக்கா?"ன்னு கேட்டா. "சேச்சே, இது மேட்டுத் தெரு"ன்னேன். எனக்கு நாக்குகூடக் குழறலை. வியாழக்கிழமை முன்பணம்னு பேச்சாச்சு.

நடுவுல புதன்கிழமை சாயங்காலம் நூலகத்துல ஒரு கூட்டம். மழைநீர் வடிகால் திட்டம் போடறதுக்கு நகராட்சியிலேர்ந்து ஒரு இன்ஜினியர் பொண்ணு வந்திருந்தா. மேஜை நிறைய எங்க ஏரியா வரைபடம். முதல்ல பாடம் எடுத்தா. வடிகால்ல குப்பை கொட்டாதீங்க, வீட்டைச் சுத்தி முழுக்க சிமெண்ட் பூசாதீங்க, மண்ணும் கொஞ்சம் குடிக்கட்டும்னா. நல்ல பிள்ளைங்களா தலையாட்டினோம். அப்புறம் ஸ்டிக்கர் கொடுத்தா. தண்ணி வரலைன்னா பச்சை, முழங்கால் வரைக்கும்னா மஞ்சள், அதுக்கும் மேலன்னா சிவப்பு. வரைபடத்துல அவங்கவங்க வீட்டு மேல ஒட்டணும்.

எங்க தெரு பச்சைப்பசேல்னு ஆயிடுச்சு. வெள்ளத்துல முழுகின காரை இன்னும் ஒர்க்‌ஷாப்பிலேயே போட்டு வெச்சிருக்கற வாத்தியார்கூட பச்சைதான் ஒட்டினார்.

அந்தப் பொண்ணு வரைபடத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தா. "நாலு தெருத் தண்ணியும் இங்கதான் இறங்குது. ஆனா உங்க யார் வீட்டுக்குள்ளயும் போகலை. அப்போ எங்கதான் போச்சு?"

யாரோ இருமினாங்க.

"இந்த வருஷம் ஒரே ஒரு பெரிய வடிகாலுக்குத்தான் பணம் இருக்கு. சிவப்பு அதிகமா இருக்கற தெருவுக்குத்தான் அது. உங்களுக்கு வேண்டாம்னா அப்படியே எழுதிக்கறேன்"னா.

எழுதிக்கட்டும், எனக்கென்ன? நாளைக்கு முன்பணம் வந்துட்டா நான் இந்தத் தெருக்காரியே இல்லை. பொய் சொல்வானேன், மனசுல அப்படித்தான் ஓடுச்சு. என் வீட்டு மேல ஒட்டறதுக்குப் பச்சையை உரிச்சுக் கையிலயும் வெச்சுக்கிட்டேன்.

அப்போதான் நர்ஸ் உள்ள வந்தா. குடிவரப்போற தெருவாச்சேன்னு வந்திருக்கா. சக்கர நாற்காலியில அவ அம்மா. பக்கவாதம். ஒரு கை மடியில அசையாம கிடந்துச்சு. வீட்டுக்காரி நான்தான்னு தெரிஞ்சதும் சிரிச்சாங்க. "ஜன்னலோரமா எனக்குக் கட்டில் போடறாளாம்"னாங்க, குழறிக் குழறி.

போன மழைக்கு அந்த ஜன்னலோரத்துலதான் நாங்க படுத்திருந்தோம். தண்ணி ஏற ஏற, என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு என்னை மாடிப்படிக்கு இழுத்துட்டு ஓடினார். எங்களுக்குக் கால் இருந்துச்சு, ஓடினோம்.

பச்சையைக் கசக்கிப் போட்டுட்டு சிவப்பை ஒட்டினேன். "எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு"ன்னேன், எல்லாருக்கும் கேக்கறாப்பல. என் வீட்டுக்காரர் முழங்கையால இடிச்சார். இடிக்கட்டும். டெய்லரம்மா என்னை எரிச்சுடற மாதிரி பார்த்தா. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே எழுந்து போய் தன் பச்சையை உரிச்சா. அப்புறம் வாத்தியார். கூட்டம் முடியறதுக்குள்ள வடிகால் எங்க தெருவுக்குன்னு ஆயிடுச்சு. கட்டி முடிக்க ரெண்டு வருஷமாம்.

நர்ஸ் என்கிட்ட வந்தா. "நேத்து ஏன்க்கா சொல்லலை?"

"நேத்து நீ வீடு வாங்கற ஆளும்மா. இன்னைக்குத்தான் உங்கம்மாவைப் பார்த்தேன்."

அவ திட்டியிருந்தா தேவலை. நாற்காலியைத் திருப்பித் தள்ளிட்டுப் போயிட்டா.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டலை, என் பொண்ணுகிட்டேர்ந்து போன். விஷயத்தைச் சொன்னேன். "பாப்பா டீச்சர்கிட்ட சொல்லி வெச்சிருக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து பாட்டிதான் கூட்டிட்டுப் போக வருவாங்கன்னு. நீயே சொல்லும்மா அவகிட்ட"ன்னா.

சொன்னேன். பாட்டி இப்போ வர முடியாதுன்னேன். ஏன்னு கேட்டா.

"நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வரும்டா கண்ணு. அதான் யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

"அப்போ வராதுன்னு சொல்லிடுங்க பாட்டி"ன்னா.